எல்லாருக்கும் போன மன்னிப்பு

ஆபீஸில் அவளுக்குப் பெயரே அண்ணிதான். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவள் அங்கே ஒருத்திதான், அவள் கணவனின் தங்கை. ஆனால் அந்த நாத்தனார் நாள் முழுக்க "அண்ணி, இது போயாச்சா", "அண்ணி, அந்தக் கவர் எங்கே" என்று கூப்பிட்டதில் மற்றவர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் அப்பா வயதிருக்கும் வாட்ச்மேன்கூடக் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு "வாங்க அண்ணி" என்பார்.

பேக்கரிகளுக்கு ஓவன் செய்து விற்கிற, விற்றதைப் பழுது பார்க்கிற கம்பெனி அது. கீழே தகடு வெட்டும் சத்தம், மேலே கடிதப் பிரிவு. மேலே மூன்று மேசைகள். ஒன்றில் நாத்தனார் கடிதம் எழுதுவாள். இன்னொன்றில் அண்ணி அதைத் தட்டச்சு செய்து, லெட்டர்ஹெட்டில் ஏற்றி, மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்புவாள். மூன்றாவது மேசையில் ஒரு பிரிண்டர் இருந்தது. அதற்கு மனது இருந்தால் வேலை செய்யும்.

வீட்டில் நாத்தனாருக்கு வாய் ரொம்ப நீளம். முப்பதைத் தாண்டிய அவளை அங்கே இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் ஆபீஸுக்கு எட்டக் கூடாது என்பது அவள் போட்ட கண்டிப்பான உத்தரவு. பாப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. காலை மிதித்துவிட்டால்கூட "காலை ஏன் அங்க நீட்டினீங்க" என்பாள். அதே ஆள் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற மன்னிப்புக் கடிதங்களை வாங்கியவர்கள் பத்திரப்படுத்தி வைத்தார்கள். அந்த வாயும் இந்தக் கையும் ஒரே உடம்பில் எப்படிக் குடியிருக்கின்றன என்று அண்ணிக்குப் பிடிபடவே இல்லை.

எழுதும்போது பார்க்க வேண்டும் அவளை. முதலில் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிடுவாள். செருப்பு கழன்றுவிட்டால் மேனேஜரே வந்தாலும் பேசக் கூடாது. வந்த புகாரை முழுதாகப் படிப்பாள், பிறகு மறுபடியும் படிப்பாள், கடைசியில் பென்சிலால் ஒரே ஒரு வரிக்குக் கீழே கோடு போடுவாள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் கோடு ஒன்றுதான்.

அன்று காலையும் அப்படித்தான். ஒரு பேக்கரிக்கார அம்மா கையால் எழுதிய புகாரைப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஓவனில் சூடு ஒரு பக்கம் ஏறுகிறது, மறு பக்கம் ஏறவில்லை. சர்வீஸ் ஆள் வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்தார். வந்தபோது, வேலைக்காரர்கள் எல்லாரும் நிற்க, "ஓவன் சரியாத்தான் இருக்கு, அம்மாவுக்குத்தான் சுடத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் பென்சிலை அந்த வரியின் கீழே ஓட்டினாள்.

"மத்ததெல்லாம் ரிப்பேர் கேக்குது அண்ணி. இந்த வரி மட்டும்தான் லெட்டர் கேக்குது."

"சூட்டுக் கருவி மாத்தறதை எழுத வேண்டாமா?"

"அது தனித் தாள்ல சர்வீஸ் செக்‌ஷன்லேருந்து போகும். மன்னிப்பையும் ஸ்க்ரூவையும் ஒரே தாள்ல போடக் கூடாது. ஸ்க்ரூ ஜெயிச்சிடும்."

"வருந்துகிறோம்னு ஆரம்பிக்கட்டா?"

"வருந்துறதுன்னா மழை பெஞ்சாக்கூட வருந்தலாம். யாரு தப்புன்னு அதுல எங்க இருக்கு?"

அந்த வாரம் அவர்களுக்குள் இருந்த பேச்சே இவ்வளவுதான். எல்லாம் ஆபீஸ் பேச்சு. வீட்டில் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. காரணம் ஒரு ஜன்னல் திரை. அண்ணி பார்த்துப் பார்த்துத் தைத்து மாட்டிய திரை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அதை நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "கீழ்ப்பக்கம் பாருங்க, வளைஞ்சு கிடக்கு. தெரியாத வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டா இப்படித்தான்" என்றாள் பாப்பா. விருந்தாளிகள் சிரித்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன், அன்றிலிருந்து வீட்டில் யாராவது யாரையாவது பார்த்தாலே தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான்.

மத்தியானத்துக்கு முன்பே கடிதம் தயாராகிவிட்டது. அண்ணி தட்டச்சு செய்தாள்.

"உங்கள் கடிதத்தைப் படித்தோம். உங்களுக்குத் தொழில் தெரியாது என்று எங்கள் ஆள், மற்றவர்கள் கேட்கும்படி, உங்களிடம் சொன்னார். அது உண்மை அல்ல. எங்களுக்குத் தெரியாததை மறைக்க அப்படிச் சொன்னோம். நீங்கள் பொறுமையாக இருந்தீர்கள். அந்தப் பொறுமையை நாங்கள் சாதகமாக எடுத்துக்கொண்டோம். தவறு எங்களுடையது, உங்களுடையது எதுவும் இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை."

அவ்வளவுதான். ஒரு வார்த்தையை எடுத்தால் கடிதம் நொண்டும், ஒன்றைச் சேர்த்தால் வழியும். அண்ணிக்குக் கோபம் இருந்ததே தவிர, கண் இல்லாமல் போய்விடவில்லை. நல்ல கடிதம் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டாள்.

அன்று அனுப்ப வேண்டியது இன்னொன்றும் இருந்தது. சர்வீஸ் பிரிவின் தொலைபேசி எண் மாறியிருந்தது, அதை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டு தாளின் தலையிலும் மேனேஜர் சிவப்பு மையில் "அவசரம்" என்று எழுதியிருந்தார். அவர் கையில் எந்தத் தாள் போனாலும் அப்படித்தான் திரும்பி வரும். விடுமுறைப் பட்டியலில்கூட எழுதியிருக்கிறார். அதனால் அவருக்கே அவசரம் சார் என்று பெயர். அண்ணியும் பழக்க தோஷத்தில் கோப்புகளுக்கு அதே பெயரை வைத்திருந்தாள். ஒன்று "அவசரம் புதியது". இன்னொன்று "அவசரம் புதியது சரி".

மன்னிப்பு போகிற நாளில் எண்ணும் சேர்ந்து போக வேண்டாம் என்று பேக்கரி அம்மாவின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டையும் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது பதில்கள் காத்திருந்தன. எண் மாறியதற்கு யார் பதில் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே முதலாவதைத் திறந்தாள். ஒரு ஹோட்டலின் சமையல் தலைவர் எழுதியிருந்தார்: "எப்போதோ நடந்ததை நீங்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மனம் லேசானது." அடுத்தது ஒரு பள்ளிக்கூட கேன்டீன்: "எங்கள் மேலும் தவறு உண்டு. அன்று நானும் குரலை உயர்த்திவிட்டேன்." அதற்கடுத்தது ஒரே வரி: "இப்போதாவது புத்தி வந்ததே."

வாடிக்கையாளர் பட்டியலின் கடைசியில் எப்போதும் தன் முகவரியையும் சேர்த்து வைப்பது அண்ணியின் வழக்கம். கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். தனக்கு வந்ததைத் திறந்தாள். மேலே அன்புள்ள என்று போட்டு அவள் பெயர். கீழே: "உங்களுக்குத் தொழில் தெரியாது என்று... மற்றவர்கள் கேட்கும்படி... அது உண்மை அல்ல."

ஒரு மூச்சு விடுகிற நேரம், அது தனக்கே எழுதியது என்று அவள் நம்பிவிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அதற்கப்புறம்தான் எந்தக் கோப்பு யாருக்குப் போயிருக்கிறது என்று உறைத்தது.

"பாப்பா!"

கீழே தகடு வெட்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். நாத்தனார் நாற்காலியோடு திரும்பினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். எழுந்து வந்து கணினித் திரையைப் பார்த்தாள்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப அந்த பேக்கரி அம்மாவுக்கு?"

அண்ணி அனுப்பிய கடிதங்களைத் திறந்து காட்டினாள். பேக்கரி அம்மாவுக்குப் போயிருந்தது தொலைபேசி எண். எழுத்துப் பெரிதாக, தெளிவாக, அடிக்கோடு போட்டு. ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. கேட்க வேண்டியவரைத் தவிர.

அவசரம் சார் விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவரே ஒரு தாளை எடுத்து எழுதினார்: "முந்தைய கடிதம் தொழில்நுட்பக் கோளாறால் அனுப்பப்பட்டது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்." மேலே சிவப்பில் தன் வழக்கமான வார்த்தையையும் எழுதி அண்ணியிடம் நீட்டினார்.

"எல்லாருக்கும் உடனே தட்டி விடுங்க."

நாத்தனார் அந்தத் தாளை நடுவில் வாங்கிக்கொண்டாள். "சார், மன்னிப்பை வாபஸ் வாங்கறதுக்கு வார்த்தை கிடையாது. நான் தேடிப் பாத்துட்டேன்."

"யாருக்கு எதுக்கு மன்னிப்புன்னே தெரியாம அனுப்பியிருக்கோம்மா! நாளைக்கு இதைக் காட்டி எவனாவது கேஸ் போட்டா?"

"கேஸ் போடறவங்க மனசு லேசாச்சுன்னு எழுத மாட்டாங்க சார்." அச்சடித்த பதில்களை அவர் முன்னால் வைத்தாள். "எல்லாரும் அவங்கவங்க கோபத்தை எடுத்து மேல வெச்சிருக்காங்க. எந்த ஓவன், எப்ப, யாரு போனதுன்னு அவங்களே சொல்றாங்க. சர்வீஸ் செக்‌ஷன் இத்தனை நாளா விசாரிச்சும் கிடைக்காதது. ஒவ்வொருத்தருக்கும் நான் தனித்தனியா பதில் எழுதறேன்."

அவர் ஒரு பதிலை எடுத்தார். ஒரு பிஸ்கட் கம்பெனி எழுதியது: "உங்கள் ஆட்கள் எங்களிடம் எப்போதும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை. இருந்தாலும் நன்றி." அவசரம் சார் தன்னை அறியாமல் கொஞ்சம் சிரித்தார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி. அந்த அம்மா கதை என்ன? அடிபட்டவங்களுக்கு போன் நம்பரை அனுப்பியிருக்கோம். இந்த மாசக் கடைசியில உங்களை நிரந்தரம் பண்ற ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடணும். எப்படிப் போடறது? அவங்க சமாதானம் ஆனா பாக்கலாம். இல்லேன்னா இதோட சரின்னு வெச்சுக்குங்க."

அண்ணி தலையை ஆட்டினாள். நாத்தனார் தனக்காகப் பரிந்து பேசுவாள் என்று அரை மனதாக எதிர்பார்த்தாள். நாத்தனார் பதில்களை வாரிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சரி, வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்ட அவளுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது, திரையாவது துவைத்தால் சுருங்கும், இது சுருங்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் இடத்துக்கு வந்தபோது பிரிண்டர் அதிசயமாக வேலை செய்துகொண்டிருந்தது. பேக்கரி அம்மாவின் பெயர் போட்ட கடிதம், நல்ல தாளில். நாத்தனார் அதை மடித்து உறையில் போட்டாள். பிறகு மேசைக்கடியில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, போகலாம்."

"நீ ஆளுங்களைப் பாக்கப் போக மாட்டியே?"

அது அவளுடைய இன்னொரு சட்டம். கடிதம் எழுதுகிறவள் ஆளைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த கடிதத்தில் முகஸ்துதி வந்துவிடும் என்பாள்.

"லெட்டரே தனியா போகத் தெரியாம ஊர் சுத்திட்டு வந்திருக்கு. கொண்டுபோய் விட வேண்டாமா?"

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். வழியில் பேசினால் அது ஆபீஸ் பேச்சா வீட்டுப் பேச்சா என்று இருவருக்கும் தெரியவில்லை. அதனால் பேசவில்லை. அண்ணி உறையை மடியில் வைத்து, மூலை மடங்காமல் பிடித்துக்கொண்டாள்.

ஒடுங்கிய கடை, உள்ளே நீளமாகப் போயிற்று. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் மாவு பிசைகிற மேசை, அதற்கும் பின்னால் அவர்கள் கம்பெனி ஓவன். முழங்கை வரை மாவோடு ஒரு அம்மா வெளியே வந்தார். கம்பெனி பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

"நம்பர் வந்துச்சு. ரொம்பத் தெளிவா இருந்துச்சு" என்றார்.

அண்ணி உறையை நீட்டினாள். "தப்பு என்னுதும்மா. உங்களுக்கு எழுதின லெட்டரை மாத்தி அனுப்பிட்டேன். அது எல்லாருக்கும் போயிடுச்சு. உங்களுக்கு மட்டும் போகல. இதான் உங்களுது."

சொல்லலாமா மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். ஆளைப் பார்த்ததும் மறைக்க வரவில்லை.

"தெரியும்" என்றார் அந்த அம்மா.

"தெரியுமா?"

"பக்கத்துத் தெருவுல ஒரு பேக்கரி இருக்கு. அந்தக் கடைக்காரர் மத்தியானம் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார். கம்பெனிக்காரன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டான், பாருங்கன்னு. உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டார். போன் நம்பர் வந்துச்சுன்னேன்." கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "அப்புறம் படிச்சேன். ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சு போச்சு, இது என்னோடதுன்னு. வார்த்தைக்கு வார்த்தை என் கடையில நடந்தது. அண்ணே, இது எனக்கு எழுதினது, குடுங்கன்னேன். தர மாட்டேன்னுட்டார்."

"ஏன்?"

"எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு, இது எனக்கும் எழுதினதுதான்னு ஒரே பிடிவாதம். பிரின்ட் எடுத்துக் கல்லாவுக்கு மேல ஒட்டி வெச்சிருக்கார். போய்ப் பாருங்க."

நாத்தனார் முதல் தடவையாகத் தலை குனிந்தாள். அண்ணி ஓரக்கண்ணால் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. எத்தனையோ பேர் பாராட்டியும் சிவக்காத காது.

பேக்கரி அம்மா உறையைப் பிரித்தார். மேலே இருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "எல்லாரும் வேலையை விட்டுட்டு இங்க வாங்க." மாவு பிசைகிறவர், தட்டு அடுக்குகிற பெண், பெட்டி கட்டுகிறவர் எல்லாரும் வந்து நின்றார்கள். அவர் கடிதத்தை அண்ணியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கு உங்க ஆள் இவங்க எல்லார் முன்னாடியும்தான் சொன்னார். இதையும் இவங்க முன்னாடியே படிங்க."

அண்ணிக்கு நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில்கூடப் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்காதவள். ஆனால் அந்த வாக்கியங்கள் அவளைத் தாங்கிக்கொண்டன. எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி இருந்தது. எங்கே குரல் உடையுமோ அங்கே வாக்கியம் முடிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை கடிதங்களைத் தட்டச்சு செய்தும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. வாய்விட்டுப் படித்தபோதுதான், படிக்கிறவரின் மூச்சைக்கூட நினைத்துப் பார்த்து நாத்தனார் எழுதியிருக்கிறாள் என்பது தெரிந்தது.

"அது உண்மை அல்ல" என்று படித்தபோது நாத்தனார் ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தவறு எங்களுடையது" என்றபோது தரையைப் பார்த்தாள்.

படித்து முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. மாவு பிசைகிறவர் மட்டும், "அதான் அப்பவே நான் சொன்னேனே, ஓவன்தான் சரியில்லன்னு" என்றார்.

"நீ எப்ப சொன்னே?" என்றார் அந்த அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் மாவு ஒட்டியது. "யாரு எழுதினது இதை?"

அண்ணி கையைக் காட்டுவதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "ஆபீஸ்ல எழுதினதும்மா."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனை எடுத்தார். புதிய எண்ணை அழுத்தினார். சர்வீஸ் பிரிவில் எடுத்தவரிடம் மேனேஜரைக் கேட்டார்.

"நம்பர் வேலை செய்யுதுங்க. உங்க லெட்டரும் வந்து சேந்துச்சு. கொண்டுவந்த பொண்ணு இருக்கே, மறைக்காம சொல்லிச்சு. அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க. நாளைக்கு ரிப்பேருக்கு ஆள் அனுப்புவீங்கல்ல? வேற ஆளா வரட்டும்."

ஆபீஸ் மூடுகிற நேரம் ஆகியிருந்ததால் இருவரும் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். பேருந்தில் அண்ணியின் போனுக்கு அவசரம் சாரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "சரி. நாளையிலிருந்து ஃபைலுக்கு வேற பேர் வைங்க." அண்ணி அதை நாத்தனாரிடம் காட்டினாள். ஆபீஸ் விஷயம்தானே, காட்டலாம்.

வீட்டில் அவள் கணவன் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான். நாத்தனார் ஜன்னல் பக்கம் போனாள். திரையின் கீழ் விளிம்பைக் கையில் எடுத்தாள். வளைவைத் தடவிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் வார்த்தை தேடிக் கொடுக்கிறவளுக்கு ஒன்றும் வரவில்லை.

"அண்ணி, இந்தத் திரை..." என்றாள். அதோடு நின்றுவிட்டது.

அண்ணிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, மத்தியானம் ஒரு மூச்சு நேரம் இளகியது மறுபடி இளகியது.

"லிஸ்ட்ல கடைசி அட்ரஸ் யாருதுன்னு தெரியுமா?" என்றாள்.

"உங்களுது."

"எனக்கும் லெட்டர் வந்துச்சு. என் பேர் போட்டு."

நாத்தனார் திரையைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "வந்துச்சா?"

"வந்துச்சு. படிச்சேன்."

"அதுக்குப் பதில் எழுத வேண்டிய கடமை இல்லைன்னு போட்டிருந்தேனே."

"எல்லாரும் எழுதினாங்க. நான் மட்டும் எழுதாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

கணவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் பேசறீங்களா?"

"ஆபீஸ் விஷயம்ணே, நீ சும்மா இரு" என்றாள் பாப்பா. பிறகு செருப்பைக் கழற்றிக் கதவோரம் விட்டுவிட்டு, ஊசியும் நூலும் எங்கே இருக்கின்றன என்று அண்ணியைக் கேட்டாள்.